பேட்டை மாடியும் பெரிய டீச்சரும்

அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தார், எனக்கு இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். படிப்பில் இருவருமே பி.ஏ., அதற்குமேல் வாத்தியார் பயிற்சியான எல்.டி. வயதில் நான் ஐந்து வருஷம் மூத்தவள், அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் மூத்தவள். அவள் கணக்கு நன்றாக நடத்துவாள், அதை ஒப்புக்கொள்கிறேன். நான் இங்கிலீஷ் அவளைவிட நன்றாகவே நடத்துவேன், அதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. தலைமையாசிரியை நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள், நான் எதிரே நின்றேன். இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் வயிறு எரியத்தான் செய்கிறது.

அப்போது யுத்த காலம். அருப்புக்கோட்டையில் வியாபாரிகள் சேர்ந்து ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். மூன்றாம் பாரம், அதாவது இப்போதைய எட்டாம் வகுப்பு வரைதான் இருந்தது. இருந்த தலைமையாசிரியை அம்மாள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். காசநோய் வந்து ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. “ஆள் கிடைக்கிற வரைக்கும் நீங்க பாத்துக்கோங்க தாயி” என்று செயலாளர் சொல்லி அனுப்பினார். அப்படி ஒன்றரை வருஷம் பார்த்துக்கொண்டேன்.

சும்மா பார்த்துக்கொள்ளவில்லை. நாலாம் பாரத்தை ஆரம்பித்தவள் நான். ஆரம்பிப்பது என்றால் பலகையில் எழுதி மாட்டுவது இல்லை. வயதுக்கு வந்த பெண்ணை வீட்டுக்கு வெளியே அனுப்பாத ஊரில், வயதுக்கு வந்த பிறகு படிக்க வேண்டிய வகுப்பு அது. பிள்ளைகளை வீடு வீடாகக் கூட்டிவருகிற ஆயா ஒருத்தி பள்ளியில் இருந்தாள். அவளோடு வெயிலில் நெசவுத் தெருக்களில் நடந்தேன். நூல் கிடைக்காமல் பாதித் தறிகள் சும்மா கிடந்த சமயம். தாய்மார் எனக்கு விளங்கக் கூடாததைத் தெலுங்கில் தங்களுக்குள் பேசிக்கொண்டு, பிறகு என்னிடம் தமிழில், “யோசிச்சுச் சொல்றோம் டீச்சர்” என்பார்கள். மறுவாரமும் போவேன். ஒன்பது பெண்கள் சேர்ந்தார்கள். ஒன்பதுதானா என்று கேட்பவர்கள் அந்தக் காலத்தில் அந்தத் தெருவில் ஒரு தடவை நடந்து பார்த்திருக்க வேண்டும்.

என் கஷ்டம் பள்ளிக்கூடத்தில் இல்லை, பேட்டையில் இருந்தது. பருத்தி மூட்டையும் வத்தல் மூட்டையும் அடுக்கியிருக்கும் வியாபாரப் பேட்டையின் மாடியில்தான் கமிட்டி கூடும். அந்த மாடிக்குப் பெண்கள் ஏறும் வழக்கம் கிடையாது. எழுதிவைத்த சட்டம் ஒன்றும் இல்லை, ஏறமாட்டார்கள், அவ்வளவுதான். முந்தைய தலைமையாசிரியைக்காக அவர் புருஷன் போய் உட்காருவார். பெண்டாட்டியின் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று சொல்லுவார், கமிட்டி சொல்வதைக் கேட்டுக்கொண்டு வந்து பெண்டாட்டியிடம் சொல்லுவார். ஊரில் இது யாருக்கும் வினோதமாகப் படவில்லை. சொல்லப்போனால் எனக்கும் படவில்லை. அனுப்ப ஆள் இல்லையே என்றுதான் எனக்கு வருத்தம்.

என் அப்பா பரளச்சியில் வாத்தியாராக இருந்து, நான் காலேஜில் படிக்கும்போதே போய்விட்டார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் நானும் அம்மாவும்தான். அதனால் நான் கடிதம் எழுதுவேன். ஆயா அதைக் கொண்டுபோய்ப் பேட்டைப் படிக்கட்டின் கீழே நின்று கொடுப்பாள். மேலே இருந்து யாராவது வாயால் பதில் சொல்லுவார்கள். ஆயா அதோடு தன் அபிப்பிராயத்தையும் கலந்து என்னிடம் கொண்டுவருவாள். ஒரு தடவை நான் கேட்டது நாலு பெஞ்சு. வந்தது நாலு மண்பானை. “பிள்ளைக தண்ணிக்குத்தான தவிக்குதுக, நாந்தான் மாத்திச் சொன்னேன்” என்றாள்.

ஒருநாள் செயலாளர் பள்ளிக்கே வந்தார். வராந்தாவில் நின்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பேசினார். மரியாதை அப்படி.

“காயிதத்துக்குப் பதில் சொல்லியே ஓஞ்சு போச்சு தாயி. ஒங்க வீட்டுல ஆம்பளைன்னு ஒருத்தர் வந்து ஒக்காந்தா ரெண்டு வார்த்தையில முடிஞ்சிரும்.”

ஆள் தேடினேன். நரிக்குடியில் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் இருந்தார். ஆட்டு வியாபாரம். நாலாம் பாரத்துக்கு ஒரு பூகோளப் படமும், அந்த வகுப்பு வாசலை மறைக்க ஒரு தட்டியும் வேண்டும் என்று மூன்று தடவை சொல்லிக்கொடுத்து அனுப்பினேன். மாமா மாடியில் ஏறினார், உட்கார்ந்தார், அத்தனை பெரிய வியாபாரிகளை ஒரே இடத்தில் பார்த்ததும் ஆடிப் பொங்கலுக்குக் கிடாய் வேண்டுமா என்று கேட்டுவிட்டார். இரண்டு பேர் வாங்கவும் செய்தார்கள். பூகோளப் படம் வரவில்லை. “ஒன் காரியத்தையும் சொல்லத்தான் இருந்தேன், அதுக்குள்ள எந்திரிச்சுட்டாக” என்றார் மாமா. அதோடு என் கட்சி முடிந்தது.

தையில் அவள் தலைமையாசிரியையாக வந்தாள்.

அவள் அண்ணன் சப்ளை ஆபீசில் குமாஸ்தா. அரிசி, துணி, சீமெண்ணெய், எல்லாவற்றுக்கும் கண்ட்ரோல் இருந்த நாளில் அந்த வேலைக்கு என்ன மதிப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. மேல் அதிகாரிகளைவிடக் குமாஸ்தாவுக்குத்தான் கும்பிடு அதிகம். கமிட்டிக்காரர்கள் அந்த அண்ணனை மாடியில் உட்கார வைத்து விசிறினார்கள் என்று ஆயா சொன்னாள். அவர்கள் தேடியது தலைமையாசிரியையையா, அவள் அண்ணனையா என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கி என்ன செய்ய? கமிட்டியின் மேல் வரவேண்டிய கோபம் எல்லாம் அவள் மேல் வந்தது. கமிட்டி மாடியில் இருந்தது, அவள் என் கண்ணெதிரே இருந்தாள்.

அவள் எதைச் செய்தாலும் எனக்குப் பொறுக்காது. கறுப்புக் குடை ஒன்று வைத்திருந்தாள், பிடியில் வெள்ளைப் பூண் போட்டது. அதை நாற்காலியின் கையில் மாட்டுவாள். அந்த நாற்காலியில் ஒன்றரை வருஷமும் நான் உட்கார்ந்தது கிடையாது. இன்சார்ஜ்தானே என்று பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டேன். எனக்குத் தெரிந்த பவிசு அவ்வளவு. அவளோ வந்த முதல் நாளே உட்கார்ந்தாள். ஆயா அன்றைக்கே அவளைப் “பெரிய டீச்சர்” என்று கூப்பிட ஆரம்பித்தாள். நான் வெறும் டீச்சராகவே இருந்தேன். என்னோடு வெயிலில் நடந்தவள் ஆயா! அந்த வார்த்தைக்காக அவளிடம் ஒரு வாரம் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று அந்தக் கிழவிக்குத் தெரியவும் தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேலே, அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டாள். “இத எப்படிச் செய்யலாம்க்கா?”, “நீங்க சொன்னாச் சரிக்கா.” என் யோசனையைக் கேட்டுக்கேட்டுத்தான் பள்ளியை நடத்தினாள். வேறு ஒருத்தியாக இருந்தால் உச்சி குளிர்ந்திருப்பாள். நான், யோசனை என்னுடையது, நாற்காலி உன்னுடையதா என்று உள்ளே கறுவுவேன்.

மாதக் கடைசியில் அண்ணன் பேட்டைக்குப் போவார். சாதுவான மனிதர், எதற்கும் தலையாட்டுவார். அவள் அவரிடம் வேண்டியதைச் சொல்லி அனுப்புவாள். மறுநாள் பெஞ்சு வரும். பூகோளப் படம் வந்தது. ஐந்தாம் பாரத்துக்கு அனுமதி வந்தது. நான் பல தடவை கேட்டுக் கிடைக்காததெல்லாம் அவள் ஒரு தடவை சொல்லி அனுப்பியதும் கிடைத்தது. அந்தப் பூகோளப் படத்தில் பிள்ளைகளுக்குக் கங்கையைக் காட்டும்போது குச்சியால் கொஞ்சம் பலமாகவே குத்துவேன்.

கமிட்டியின் தீர்மானங்களை ஒரு மினிட் புத்தகத்தில் எழுதுவார்கள். பள்ளிகளைச் சோதிக்க வருஷா வருஷம் வரும் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் அதைப் பார்ப்பார். பேட்டைக் கணக்கப்பிள்ளையின் எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும் என்று, முதலில் அவர் தாளில் கிறுக்கிக் கொடுக்கும் குறிப்பை நல்ல நோட்டில் அழகாக எழுதுகிற வேலை என் இன்சார்ஜ் காலத்திலேயே எனக்கு வந்திருந்தது. அவள் வந்த பிறகும் என்னிடமே விட்டாள். எழுதி முடித்து நீட்டினால் வாங்கிப் பார்க்கமாட்டாள். “நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும், நான் எதுக்கு வாசிச்சுக்கிட்டு?” என்பாள். அதையும் திமிர் என்று நினைத்துக்கொண்டேன். நினைக்க வசதியாக இருந்தது.

யுத்தம் முடிந்தது. அடுத்த பங்குனியில், பத்து நாளில் இன்ஸ்பெக்ட்ரஸ் வரப்போகிறார் என்றிருந்த ஒரு மத்தியானம், கணக்கப்பிள்ளை கொடுத்தனுப்பிய குறிப்பில் கடைசித் தீர்மானத்தை வாசித்தேன். தலைமையாசிரியையின் தமையனார் பரமக்குடிப் பக்கம் மாற்றலாகிச் செல்வதால் அந்த அம்மாள் சார்பில் கூட்டத்துக்கு வர இனி ஆள் இல்லை. ஆறாம் பாரமும் வரப்போகிறது. ஆகவே ஜூன் முதல் அனுபவமுள்ள ஓர் ஆண் ஆசிரியரையே தலைமைப் பொறுப்பில் அமர்த்துவது. மேற்படி தமையனார் ஆஜராகிச் சம்மதித்தார்.

இரண்டு தடவை வாசித்தேன். பெண்ணை வைத்தால்தானே அவளுக்காக ஓர் ஆணைத் தேட வேண்டியிருக்கிறது? ஆணையே வைத்துவிட்டால் தொல்லை இல்லை. அவரே படி ஏறுவார். கமிட்டி யோசித்த தினுசு அது. தங்கை பிழைப்புக்கு எதிராக அண்ணனே தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். தங்கைக்கு அது தெரியவில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அன்றைக்கு மத்தியானம் இரண்டு கை சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அந்தத் தீர்மானம் நிலைத்தால் அவள் மட்டும் இறங்கமாட்டாள், இனி அந்தப் பள்ளியில் எந்தப் பெண்ணும் ஏறமாட்டாள், நான் உள்பட. அது எனக்குத் தெரியாமல் இல்லை. தடுக்கவும் வழி இருந்தது. பெண்கள் பள்ளிக்குப் பெண்ணே தலைமை வகிக்க வேண்டும் என்பதில் இன்ஸ்பெக்ட்ரஸ் பிடிவாதக்காரர் என்று ஜில்லா முழுக்கத் தெரியும். அவர் காதில் ஒரு வார்த்தை போட்டால் தீர்மானம் செத்தது. ஆனால் அப்போது அவள் நாற்காலியில் நீடிப்பாளே! தன் மூக்கை அறுத்து எதிரிக்குச் சகுனத்தடை செய்வது என்று சொல்லுவார்களே, அந்த ஆசாமியைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். மூக்கை அறுக்கிற நேரத்தில் வலி தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியாது.

மறுநாள் அவள் என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

“மினிட்டு எழுதிட்டீங்களாக்கா? என்ன தீர்மானம் வந்திருக்கு?”

“வழக்கமானதுதான். பெஞ்சு, கிணத்துக் கயிறு.”

“வேற ஒண்ணும் இல்லையா?”

“வேற என்ன?”

அவள் முகம் கொஞ்சம் வாடியது. தன் அறைக்குத் திரும்பிப் போனாள். ஏன் வாடியது என்று நான் யோசிக்கவில்லை. வாடியதே போதுமாக இருந்தது.

இன்ஸ்பெக்ட்ரஸ் மதுரையிலிருந்து, பெட்ரோல் தட்டுப்பாட்டுக்காகக் கரியை மூட்டி ஓட்டும் கரிவாயுக் காரில் வந்தார். காரியாபட்டி தாண்டி இரண்டு இடத்தில் நின்றுவிட்டதாம். வரும்போதே பதினொரு மணி. வகுப்புகளைப் பார்த்தார். ஐந்தாம் பாரத்துப் பெண் ஒருத்தி நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் பாடத்தைத் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தாள். பிறகு இன்ஸ்பெக்ட்ரஸ் தலைமையாசிரியை அறைக்குள் அவளோடு தனியாக அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். என்ன அப்படிப் பேச்சு என்று எனக்கு வெளியே இருப்புக்கொள்ளவில்லை. தன் சாமர்த்தியத்தையெல்லாம் அளக்கிறாளாக்கும் என்று நினைத்தேன். கதவு திறந்தது. இன்ஸ்பெக்ட்ரஸ் மினிட் புத்தகத்தைக் கேட்டார்.

நான்தான் கொண்டுபோய் வைத்தேன். பக்கத்திலேயே நின்றேன். “யார் எழுத்து? முத்து முத்தாக இருக்கிறதே” என்றார். அவள் என்னைக் காட்டினாள். அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து ஒரு மாதிரி கூர்ந்து பார்த்துவிட்டு, பக்கங்களைத் திருப்ப ஆரம்பித்தார். மேலோட்டமாக இல்லை, ஒவ்வொரு தீர்மானத்தின் கீழும் விரலை ஓட்டித் தேடுவதுபோலத் திருப்பினார். கார்த்திகை, மார்கழி, தை. ஆயா காபி டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். மாசி முடிந்தது. இன்னும் ஒரு தாள்தான். அதில்தான் அந்தத் தீர்மானத்தை எழுதியிருந்தேன்.

“அம்மா, காபி ஆறுது” என்றேன்.

அவர் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்துவிட்டு டம்ளரை எடுத்தார். குடித்து முடிக்கவும், இப்போதே கிளம்பினால்தான் இருட்டுவதற்குள் மதுரை போகலாம் என்று டிரைவர் வந்து சொன்னார். கிளம்பிவிட்டார். நான் செய்தது அவ்வளவுதான், மூன்றே வார்த்தை. பிறகு எத்தனையோ பேருக்கு எத்தனையோ கெடுதல் நினைத்திருக்கிறேன், எதுவும் இத்தனை சுலபமாகப் பலித்தது இல்லை.

சித்திரைக் கடைசியில் பள்ளி விடுமுறை விட்ட மறுநாள், அவள் பெட்டி படுக்கையோடு பஸ் ஏற வந்தாள். அண்ணனோடு போகிறாள் என்று முந்தின நாள்தான் எல்லோருக்கும் சொன்னாள். வழியனுப்பப் போகவேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. அவள் பஸ் ஏறுவதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று இருந்தது, போனேன். அண்ணன் டிக்கெட் வாங்கப் போயிருந்தார். பஸ்ஸின் பின்னால் கரியைப் போட்டு மூட்டிக்கொண்டிருந்தார்கள். புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, எனக்கு மனசே ஆறல. நேத்துத்தான் செயலாளர் அண்ணாச்சி சொன்னாக, சார் ஒருத்தரப் போட்டுட்டாகளாம்.”

“அப்படியா?” என்றேன்.

“அண்ணனுக்கு மாத்தல்னதும் என்னையத் தனியா விடமாட்டேன்னுட்டாக. அப்பவே அண்ணன்கிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கமிட்டியில என் பேரால பேசுங்க, அக்காவுக்குத்தான் குடுக்கணும்னு கேளுங்கன்னு. அவுகளுக்கு அங்க போனா வாயே வராது. அதான் மினிட்டுல இருக்கான்னு ஒங்ககிட்டக் கேட்டேன். இல்லைன்னீங்களா, சரி, அண்ணன் சொல்லலபோலன்னு இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாகிட்ட நானே சொல்லிட்டேன். நாலாம் பாரத்த உண்டாக்குனதே அக்காதான், நான் அவுக போட்ட பாதையில நடந்தவன்னு சொன்னேன்.”

நான் கையை விடுவித்துக்கொண்டு, அவள் பெட்டியைப் புகைக்கு அந்தப் பக்கம் நகர்த்திவைத்தேன்.

“அந்தம்மா என்ன சொன்னாக தெரியுமா? வேற ஆளப் போடுறதாத் தீர்மானம் இருந்தா இப்பவே அடிச்சிட்டு அந்த டீச்சர் பேர எழுதிட்டுப் போறேன், புஸ்தகத்தக் கொண்டாங்கன்னாக. பாத்தா ஒண்ணும் இல்ல. அதனால சும்மா போயிட்டாக. இப்ப அவுகளும் கோயம்புத்தூருக்கு மாறிட்டாகளாம். அவுக வந்து போன பிறகுதான் தீர்மானம் போட்டிருப்பாகபோல, இல்லக்கா?”

“ஆமா,” என்றேன். “பிறகுதான் போட்டிருப்பாக.”

“உறுதியாகுறதுக்கு முன்னாடி ஒங்ககிட்டச் சொல்லி ஆசை காட்டக் கூடாதுன்னு இருந்துட்டேன். சொல்லியிருக்கணுமோ?”

அண்ணன் டிக்கெட்டோடு வந்து, என்னைப் பார்த்தும் ஒரு தடவை தலையாட்டினார். அவள் ஏறிக்கொண்டாள். ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, “வாரேன்க்கா” என்றாள். வண்டி இருமிக்கொண்டே கிளம்பியது. அந்த ஜன்னல் கண்ணைவிட்டு மறைவதற்குள், உண்மையைச் சொல்லிவிட எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. வாய் திறக்கவில்லை. அந்த நிமிஷம் எனக்கு வந்தது பச்சாதாபம் என்று எழுத ஆசைதான். முதலில் வந்தது அது இல்லை. இதிலும் இவளே பெரியவள் ஆகிவிட்டாளே என்று வந்தது. நாற்காலியை ஒருத்திக்கு விட்டுக்கொடுக்கிற மனசும் இவளுக்கே வாய்க்க வேண்டுமா, எனக்கு அதில் ஒரு துளி கொடுத்தால் என்ன என்று வந்தது. மற்றதெல்லாம் வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான் வந்தது.

ஜூனில் புதிய தலைமையாசிரியர் வந்தார். ரிட்டயர் ஆனவர், நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. முதல் மாதமே தானே பேட்டைப் படி ஏறிப் போய்விட்டு வந்தார். கமிட்டிக்கு நிம்மதி. அவருக்குப் பிறகும் அங்கே ஆண்களே வந்தார்கள். நான் ரிட்டயர் ஆகும்வரை இங்கிலீஷ் டீச்சராகவே இருந்தேன்.

அந்த வருஷம் ஆறாம் பாரத்தில் ஏழு பேர் மிஞ்சியிருந்தார்கள், நான் தெருத் தெருவாகப் போய்க் கூட்டிவந்த பெண்கள். அதில் ஒருத்தி, நூல் கடைக்காரர் மகள், கொஞ்சம் துடுக்கு. ஒருநாள் பாடம் முடிந்து மற்றவர்கள் போன பிறகு நின்று கேட்டாள்.

“டீச்சர், நாங்க படிச்சு பி.ஏ., எல்.டி. ஆனாலும் இங்க பெரிய டீச்சரா வரமுடியாதா?”

“கமிட்டி அப்படி முடிவு பண்ணிருச்சு” என்றேன்.

“அப்படிச் செய்ய வேண்டாம்னு யாரும் சொல்லலையா டீச்சர்?”

“முன்னாடியே யாருக்கும் தெரியாதும்மா” என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, என் நோட்டுப் புத்தகங்களையும் தானே சுமந்துகொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.